டாலஸா, ராலேயா: பள்ளியை முன்வைத்து இடம்பெயர்வோர் எதை ஒப்பிட வேண்டும்?

நியூ ஜெர்சியில் இந்த ஆண்டு 7ஆம் வகுப்பை முடிக்கும் மகள், வரும் செப்டம்பர் 20ஆம் தேதி 5 வயது நிறையப்போகும் மகன், டெக்சஸின் டாலஸ் பகுதியில் ஒன்றும் வட கரோலினாவின் ராலே பகுதியில் ஒன்றுமாகக் கைவசம் இரண்டு வேலை வாய்ப்புகள், கோடை முடிவதற்குள் குடிபோயாக வேண்டிய நெருக்கடி: இதுதான் உங்கள் நிலைமை. நண்பர்கள் தந்த பட்டியலில் ஃபிரிஸ்கோ, காப்பெல், பிளேனோ, ஆலன், கேரி, ஏபெக்ஸ் என்று ஆறு பெயர்கள் இருப்பதாகவும், எல்லாவற்றுக்கும் இணையதளங்கள் பத்துக்கு 8, 9, 10 என்றே ரேட்டிங் காட்டுவதால் எந்தப் பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) மேல் என்று பிரித்தறிய முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆறில் எதுவுமே மோசமானதல்ல. அவற்றுக்கிடையே தெரியும் வேறுபாட்டைவிட, ஒரே மாவட்டத்துக்குள் முகவரிக்கு முகவரி இருக்கும் வேறுபாடும், உங்கள் பிள்ளைகள் எந்த வயதில் எந்த வகுப்பில் போய்ச் சேருகிறார்கள் என்பதால் வரும் வேறுபாடும் பெரியவை. ஆகவே மாவட்டங்களின் தரவரிசையைத் தேடுவதில் செலவாகும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு, ஒரு குறிப்பிட்ட முகவரியில் குடியிருந்தால் மகளுக்கும் மகனுக்கும் 12ஆம் வகுப்பு வரை எந்தெந்தப் பள்ளிகள், எந்தெந்தப் பாடங்கள் என்பதைத் தேடுங்கள்.

உங்கள் பட்டியலிலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. முதல் நான்கும் பள்ளி மாவட்டங்களின் பெயர்கள். கேரியும் ஏபெக்ஸும் ஊர்ப் பெயர்கள் மட்டுமே. அமெரிக்கா முழுவதும் 13,000க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் உள்ளன என்றாலும், அவை மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு விதமாக வெட்டப்பட்டவை. டெக்சஸில் ஐ.எஸ்.டி. எனப்படும் தன்னாட்சிப் பள்ளி மாவட்டங்களின் எல்லை நகர எல்லையைப் பொருட்படுத்துவதே இல்லை. இர்விங் நகரில் வீடு எடுத்தால், அது எந்தத் தெருவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இர்விங், காப்பெல், கரோல்டன்-ஃபார்மர்ஸ் பிராஞ்ச் ஆகிய மூன்று மாவட்டங்களில் ஒன்றுக்குள் வரும். ஃபிரிஸ்கோ நகருக்குள்ளேயே ஃபிரிஸ்கோ, பிராஸ்பர், லூயிஸ்வில், லிட்டில் எல்ம் என்று நான்கு மாவட்டங்கள் கால் வைத்திருக்கின்றன. நியூ ஜெர்சியில் இருப்பதால் இது உங்களுக்குப் புதிதாக இருக்காது. பிரின்ஸ்டன் என்று தபால் முகவரி கொண்ட எத்தனையோ வீடுகளின் பிள்ளைகள் வெஸ்ட் வின்ட்சர்-பிளெயின்ஸ்பரோ பள்ளிகளுக்கோ சவுத் பிரன்ஸ்விக் பள்ளிகளுக்கோதான் போகிறார்கள். வட கரோலினாவில் நிலைமை நேர்மாறானது. அங்கே பெரும்பாலும் கவுன்டி எனப்படும் மாநில உட்பிரிவுக்கு ஒரு பள்ளி மாவட்டம்தான். ராலே, கேரி, ஏபெக்ஸ், மாரிஸ்வில் எல்லாமே ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட வேக் கவுன்டி பொதுப்பள்ளி அமைப்பின்கீழ் வருகின்றன. அதிலும் ஓரத்தில் விலக்கு உண்டு: கேரியின் மேற்கு முனையில் சில குடியிருப்புகள் சாத்தம் கவுன்டியைச் சேர்ந்தவை.

எனவே ஃபிரிஸ்கோவையும் கேரியையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதில் பொருளில்லை. வேக் போன்ற பெரிய மாவட்டத்தின் சராசரி எண், உங்கள் வீட்டருகே உள்ள பள்ளியைப் பற்றி ஏறக்குறைய எதையுமே சொல்லாது. வீடு விற்கும் தளங்களும் பள்ளிப் பெயரைக் காட்டுகின்றன, ஆனால் எல்லைகள் மாறும்போது அவை உடனுக்குடன் திருத்தப்படுவதில்லை. பள்ளி மாவட்டத்தின் சொந்த இணையதளத்தில் முகவரியை உள்ளிட்டுப் பள்ளியைக் கண்டறியும் வசதி இருக்கும். அதில் வருவதை மட்டும் நம்புங்கள். அதையும் தொலைபேசியில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முகவரியை உள்ளிட்டுத் தொடக்கப்பள்ளியின் பெயரைப் பார்த்ததோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இன்னும் ஓராண்டில், 9 முதல் 12 வரையிலான வகுப்புகளைக் கொண்ட உயர்நிலைப் பள்ளிக்குள் நுழையப்போகிறாள் என்பதால் நீங்கள் தலைகீழாகத் தொடங்க வேண்டும்: முதலில் உயர்நிலைப் பள்ளி, பிறகு நடுநிலை, கடைசியாகத் தொடக்கப்பள்ளி. டாலஸின் வடக்கே அருகருகே இருக்கும் மூன்று மாவட்டங்களைப் பாருங்கள். ஆலனில் மாவட்டம் முழுமைக்கும் ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளி, 5,000க்கும் மேற்பட்ட மாணவர்கள். 9ஆம் வகுப்பு மட்டும் தனி வளாகத்தில் நடக்கிறது. பக்கத்தில் உள்ள ஃபிரிஸ்கோ, பள்ளிகளைச் சிறிதாக வைத்திருப்பதையே கொள்கையாகக் கொண்டு ஏறத்தாழ 2,000 பேர் அளவில் பல உயர்நிலைப் பள்ளிகளைக் கட்டியிருக்கிறது. பிளேனோவிலோ 9, 10ஆம் வகுப்புகள் ஒரு பள்ளியிலும், 11, 12ஆம் வகுப்புகள் சீனியர் ஹை எனப்படும் வேறொரு பள்ளியிலும் நடப்பதே நெடுநாள் வழக்கம். 8ஆம் வகுப்பில் புதிதாகப் போய்ச் சேரும் உங்கள் மகள், பிளேனோவில் அடுத்த ஆண்டே ஒரு பள்ளிக்கும் அதற்கு இரண்டு ஆண்டு கழித்து இன்னொன்றுக்கும் மாற வேண்டியிருக்கும்; அதாவது நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று முறை புதுமுகம். சில பிள்ளைகளுக்கு அது பொருட்டே அல்ல, சிலருக்குப் பெரும் பாரம். மூன்றுமே புகழ்பெற்ற மாவட்டங்கள்தான். ஒரு பெரிய பள்ளியில் பாடத் தேர்வுகள் மிகுதி, ஆனால் இசைக்குழுவிலோ கூடைப்பந்து அணியிலோ இடம் கிடைப்பது கடினம். சிறிய பள்ளியில் இது அப்படியே தலைகீழ். எந்த ரேட்டிங்கும் இதைக் காட்டாது. உங்கள் மகளை அறிந்தவர் நீங்கள்தான்.

வேக் கவுன்டியில் கவனிக்க வேண்டியவை வேறு. அங்கே ஒவ்வொரு முகவரிக்கும் அடிப்படைப் பள்ளி ஒன்று ஒதுக்கப்படும். ஆனால் மக்கள் வந்து குவியும் பகுதிகளில் சில பள்ளிகளின் சேர்க்கைக்கு உச்சவரம்பு விதித்திருக்கிறார்கள். அத்தகைய பள்ளியின் எல்லைக்குள் புதிதாகக் குடிவருவோரின் பிள்ளைகள், இடம் இல்லையென்றால் சற்றுத் தொலைவில் உள்ள வேறு பள்ளிக்கு அனுப்பப்படுவார்கள். எதிரே தெரியும் பள்ளியை நம்பி வீடு வாங்கியவருக்கு அந்தப் பள்ளி கிடைக்காமல் போவது இப்படித்தான். இன்னொன்று நாட்காட்டி. வேக்கில் பல தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் ஆண்டு முழுவதும் நடப்பவை: மாணவர்களை நான்கு பிரிவுகளாக்கி, 9 வாரம் பள்ளி, 3 வாரம் விடுமுறை என்று சுழற்றுகிறார்கள். அந்தப் பள்ளிகளின் கல்வியாண்டு ஜூலைத் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். வழக்கமான நாட்காட்டிப் பள்ளிகளோ ஆகஸ்ட் கடைசியில்தான் திறக்கும். ஆகஸ்ட் நடுவில் பெட்டி படுக்கையோடு போய் இறங்கினால், மகளுக்கு ஒதுக்கப்படுவது வழக்கமான நாட்காட்டிப் பள்ளி என்றால் அது இன்னும் திறந்திருக்காது, சுழற்சிப் பள்ளி என்றால் ஆறு வாரப் பாடம் முடிந்திருக்கும். அடுத்த ஆண்டு மகள் வழக்கமான நாட்காட்டியில் இயங்கும் உயர்நிலைப் பள்ளிக்கும், மகன் சுழற்சி நாட்காட்டிக்கும் போனால் இந்தியப் பயணத்துக்குப் பொதுவான விடுமுறையைக் கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிடும். வேறு நாட்காட்டியோ, சிறப்புப் பாடத்திட்டத்தோடு வேறு பகுதி மாணவர்களையும் சேர்க்கும் மேக்னட் பள்ளியோ வேண்டுமென்று விண்ணப்பிக்கும் முதன்மைச் சுற்று குளிர்காலத்திலேயே முடிந்துவிடுகிறது என்பதால், கோடையில் வருவோர் மீதமிருப்பதைத்தான் பெறுகிறார்கள்.

இனி ரேட்டிங்குக்கு வருவோம், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். மாநிலத் தேர்வில் எத்தனை விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றார்கள் என்பதே பெரும்பாலான ரேட்டிங்குகளின் முதுகெலும்பு. அந்த எண் பள்ளியின் தரத்தைவிட, பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும்தான் அதிகம் பிரதிபலிக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் தலைமையிலான குழு, நாடெங்கும் 3 முதல் 8 வரையிலான வகுப்புகளின் கோடிக்கணக்கான தேர்வு முடிவுகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது தெரியவந்தது இதுதான்: மாவட்டத்தின் சராசரி மதிப்பெண் குடும்பங்களின் பொருளாதார நிலையோடு மிக நெருங்கிப் பிணைந்திருக்கிறது, ஆனால் மாணவர்கள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு கற்று முன்னேறுகிறார்கள் என்ற வளர்ச்சி விகிதம் அப்படிப் பிணைந்திருக்கவில்லை. சராசரியில் பின்தங்கிய சிகாகோ நகரப் பள்ளிகளில், 3ஆம் வகுப்பிலிருந்து 8ஆம் வகுப்பு வரையான ஐந்து ஆண்டுகளில் மாணவர்கள் ஏறத்தாழ ஆறு ஆண்டுக்குரிய கல்வியைப் பெற்றிருந்தார்கள் என்பது அந்த ஆய்வில் பலரையும் திகைக்கவைத்த முடிவு. அந்தத் தரவுகள் வரைபட வடிவில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. நீங்கள் பார்க்கும் மாவட்டங்களின் சராசரியையும் வளர்ச்சியையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம்மவர் அடர்த்தியாக வாழும் பகுதிகளுக்கு இதில் ஒரு கூடுதல் கணக்கும் உண்டு. மாலை நேரத்தில் பாதி வகுப்பும் கணக்கு டியூஷனுக்குப் போகும் பள்ளியில், 95 விழுக்காட்டுத் தேர்ச்சியில் பள்ளியின் பங்கு எவ்வளவு, டியூஷனின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தப் பள்ளி மோசமானது என்று நான் சொல்லவில்லை. அந்த எண்ணை வைத்து ஆசிரியர்களின் திறமையை மதிப்பிட முடியாது என்றுதான் சொல்கிறேன்.

மாநிலம் விட்டு மாநிலம் ஒப்பிடும்போது இன்னொரு பொறி. ஒவ்வொரு மாநிலமும் தன் தேர்வைத் தானே நடத்தி, தேர்ச்சிக் கோட்டையும் தானே வரைகிறது. ஒரு மாநிலத்தின் 60 விழுக்காடு இன்னொரு மாநிலத்தின் 40 விழுக்காட்டுக்குச் சமமாக இருக்கலாம். டெக்சஸும் வட கரோலினாவும் பள்ளிகளுக்கு ஏ முதல் எஃப் வரை மதிப்பெழுத்து தருகின்றன. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் கணக்கு வேறு. வட கரோலினாவில் அந்த எழுத்தின் 80 விழுக்காடு தேர்வு மதிப்பெண்ணிலிருந்தும், 20 விழுக்காடு மட்டுமே வளர்ச்சியிலிருந்தும் வருகிறது. டெக்சஸில் சாதனை, முன்னேற்றம் ஆகிய இரண்டில் எது பள்ளிக்குச் சாதகமோ அது 70 விழுக்காடு, பின்தங்கிய பிரிவினரை எவ்வளவு கைதூக்கிவிட்டார்கள் என்பது மீதி 30 விழுக்காடு. ஆக டெக்சஸின் பி, வட கரோலினாவின் பி அல்ல. எழுத்தை விட்டுவிட்டு அதற்குக் கீழே உள்ள அட்டவணைக்குப் போங்கள். வட கரோலினா அறிக்கையில் எதிர்பார்த்த வளர்ச்சியைப் பள்ளி தாண்டியதா, எட்டியதா, எட்டவில்லையா என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி மேலே உள்ள எழுத்தைவிட மதிப்பு மிக்கது. 2015ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்விச் சட்டப்படி எல்லா மாநிலங்களும் பள்ளிவாரியாக அறிக்கை வெளியிட்டாக வேண்டும். அதில் மாணவர் ஒருவருக்கான செலவு, மாணவர் பிரிவுவாரியான முடிவுகள் எல்லாம் இருக்கும். நான் முதலில் பார்ப்பது வருகைப் பதிவு. பள்ளி நாட்களில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ வராமல் போகும் மாணவர்களின் விகிதம், வசதியான பகுதிப் பள்ளி ஒன்றில் அண்டைப் பள்ளிகளைவிட மிக அதிகமாக இருந்தால், ஏன் என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

உங்கள் மகளின் விஷயத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது கணக்குப் பாடம். 8ஆம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 படித்தால்தான், உயர்நிலைப் பள்ளியில் அவசரப்படாமல் 12ஆம் வகுப்பில் கால்குலஸைத் தொட முடியும். டெக்சஸில் 2023இல் இயற்றப்பட்ட சட்டம், 5ஆம் வகுப்பு மாநிலத் தேர்வில் கணக்கில் முதல் 40 விழுக்காட்டுக்குள் வருவோரை 6ஆம் வகுப்பில் மேம்பட்ட கணக்குப் பிரிவில் தானாகவே சேர்க்கச் சொல்கிறது. வட கரோலினாவிலும் மாநிலத் தேர்வில் உச்ச நிலையைத் தொடும் 7ஆம் வகுப்பு மாணவர்களுக்கு 8ஆம் வகுப்பில் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு தரப்பட வேண்டும் என்று சட்டம் உண்டு. இரண்டிலும் உங்களுக்கு ஒரே இடைஞ்சல்: உங்கள் மகளிடம் அந்த மாநிலத் தேர்வு மதிப்பெண் இருக்காது. கணினி தானாகச் சேர்க்காதவரை, மாணவர்களுக்குப் பாடங்களை ஒதுக்கும் பள்ளி அலுவலரான கவுன்சலர் யாராவது அவளது கோப்பைத் திறந்து பார்த்து முடிவெடுக்க வேண்டும். நேர்ந்தால் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேர்வு கோடையில் எந்தத் தேதியில், யார் நடத்துகிறார்கள், தவறவிட்டால் மறுவாய்ப்பு உண்டா என்பதே நீங்கள் ஒவ்வொரு பள்ளியிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பாட வரிசையும் ஒன்றல்ல. டெக்சஸில் அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2 என்று தனித்தனியாகப் போகும். வட கரோலினாவில் மேத் 1, மேத் 2, மேத் 3 என்று மூன்றையும் கலந்து மூன்று ஆண்டுக்குப் பிரித்திருக்கிறார்கள். 8ஆம் வகுப்பின் தொடக்கத்தில் போய்ச் சேர்வதால் உங்கள் மகள் தப்பித்தாள். இதே இடமாற்றம் 9ஆம் வகுப்பு முடிந்து நடந்திருந்தால், ஒரு பகுதியை இரண்டு முறையும் இன்னொரு பகுதியை ஒருமுறைகூடப் படிக்காமலும் இருக்கும் நிலை வரக்கூடும். நீங்களாகத் தேர்ந்தெடுக்க முடிகிற பட்சத்தில், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு மாநிலம் மாற வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். 10ஆம் வகுப்புக்கும் 11ஆம் வகுப்புக்கும் இடையில் மாறுவது எல்லாவற்றிலும் கடினமானது.

டெக்சஸைத் தேர்ந்தெடுப்பதானால் கல்லூரிச் சேர்க்கை பற்றி இப்போதே யோசித்துவிடுங்கள். 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி, தன் உயர்நிலைப் பள்ளி வகுப்பில் முதல் 10 விழுக்காட்டுக்குள் வரும் மாணவருக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் இந்த வரம்பு குறுகியது. நெடுநாள் 6 விழுக்காடாக இருந்து, 2026 இலையுதிர் பருவச் சேர்க்கையிலிருந்து 5 விழுக்காடாகிவிட்டது. 500 பேர் கொண்ட வகுப்பில் அது 25 இடம். எல்லாப் பிள்ளைகளும் எல்லாப் பாடத்தையும் மேம்பட்ட நிலையில் எடுத்து, தசமப் புள்ளிக்கு மூன்றாம் இலக்கத்தில் போட்டியிடும் பள்ளியில், மிக நன்றாகப் படிக்கும் பெண்கூட 60ஆம் இடத்தில் நிற்கலாம். அதே பெண் சற்றுக் குறைந்த ரேட்டிங் உள்ள பள்ளியில், தேவையான மேம்பட்ட பாடங்கள் இருக்கும் பட்சத்தில், 15ஆம் இடத்தில் இருப்பாள். 10 ரேட்டிங்கை விட்டு 7 ரேட்டிங்குக்குப் போவதா என்று முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை. இதுவும் பல்கலைக்கழகத்துக்கான இடம்தான், கம்ப்யூட்டர் சயன்ஸ் போன்ற குறிப்பிட்ட துறைக்கான உறுதி அல்ல என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

மகனின் விஷயம் எளிது, ஆனால் நீங்கள் இன்னும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். நியூ ஜெர்சியில் பெரும்பாலான மாவட்டங்களில் கிண்டர்கார்டன் சேர்க்கைக்கு அக்டோபர் 1 கெடு என்பதால், செப்டம்பர் 20இல் பிறந்த உங்கள் மகன் இந்த ஆண்டே சேர்ந்திருப்பான். டெக்சஸில் கெடு செப்டம்பர் 1, வட கரோலினாவில் ஆகஸ்ட் 31. இரண்டு இடங்களிலும் அவன் ஓராண்டு காத்திருக்க வேண்டியவன். வேறு மாநிலத்தில் சட்டப்படி சேர்ந்து படித்துக்கொண்டிருந்த குழந்தைக்கு வட கரோலினா விலக்கு அளிக்கிறது என்றாலும், கோடையிலேயே இடம்பெயரும் உங்களுக்கு அது உதவாது. எனவே ஓராண்டுப் பிள்ளைப் பராமரிப்புச் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டெக்சஸில் ஒரு வழி இருக்கிறது: 4 வயதுக் குழந்தைகளுக்கான இலவச அரசு பிரீ-கே வகுப்பில் குறிப்பிட்ட சில பிரிவினர் சேரலாம், ஆங்கிலம் பேசவும் புரிந்துகொள்ளவும் இயலாத குழந்தை அதில் ஒரு பிரிவு. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்தவன் என்றால் மாவட்டம் நடத்தும் மொழித் தேர்வில் அவன் தகுதி பெறக்கூடும்.

இதையொட்டி ஒரு சிறு குறிப்பு. சேர்க்கைப் படிவத்தோடு வீட்டு மொழி பற்றிய கேள்வித்தாள் ஒன்று வரும். தமிழ் என்று எழுதினால் பிள்ளையை மந்தமானவன் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்ற அச்சத்தில் ஆங்கிலம் என்று எழுதிவிடும் வழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. எழுதினால் நடப்பது ஓர் ஆங்கிலத் தேர்வு மட்டுமே. தேவையில்லை என்றால் அதோடு முடிந்தது. தேவை என்றால் ஆங்கிலத்துக்கான கூடுதல் உதவி சட்டப்படி கிடைக்கும், அதையும் பெற்றோர் மறுக்கலாம், ஆனால் ஆண்டுதோறும் நடக்கும் தேர்வை எழுதத்தான் வேண்டும். உண்மையை எழுதுங்கள்.

சிறப்புக் கல்வித் திட்டம் ஏதும் உங்கள் பிள்ளைகளுக்கு இருப்பதாக நீங்கள் குறிப்பிடவில்லை. இருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு அதை மட்டும் ஒப்பிட்டால் போதும். நடப்பில் உள்ள, ஐ.இ.பி. எனப்படும் தனிநபர் கல்வித் திட்டத்துக்கு இணையான சேவையைப் புதிய மாவட்டம் உடனே தந்தாக வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம்.

இன்றிருக்கும் பள்ளி நாளையும் இருக்குமா என்பதையும் பார்த்தாக வேண்டும். புதிய வீடுகள் எழும் பகுதியில் இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை எல்லைகள் மாற்றி வரையப்படும். பழைய பகுதியில் வீட்டு விலை ஏறி, இளம் குடும்பங்கள் வர முடியாமல் போய், பள்ளிகள் காலியாகும். பிளேனோ மாவட்டத்தின் நிர்வாகக் குழு 2024இல் இரண்டு தொடக்கப்பள்ளிகளையும் இரண்டு நடுநிலைப் பள்ளிகளையும் மூட வாக்களித்தது. பெயர் பெற்ற மாவட்டம் என்பது அதற்குத் தடையாக இருக்கவில்லை. நிர்வாகக் குழுக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலும் காணொலியும் பொதுவில் கிடைக்கும். கடந்த ஓராண்டு நிகழ்ச்சி நிரல்களில் உங்கள் பள்ளியின் பெயரையும், எல்லை மாற்றம், நீண்டகாலத் திட்டம், மாணவர் எண்ணிக்கை முன்கணிப்பு ஆகிய சொற்களையும் தேடிப் பாருங்கள். ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் வேலை இது. வீட்டு முகவரின் வாக்குறுதியைவிட நம்பகமானதும்கூட. சொல்லப்போனால் பள்ளித் தரம் பற்றி முகவர் பேசாமல் நழுவினால் தவறாக எண்ணாதீர்கள்; வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தைக் கருதிப் பலரும் அதைத் தவிர்க்கவே பயிற்றுவிக்கப்பட்டவர்கள்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை, ஆனால் சொத்து வரி கனமானது. அந்த ரசீதில் பொதுவாகப் பெரிய பங்கு பள்ளி மாவட்டத்துக்குரியது. அதில் அன்றாடச் செலவுக்கு ஒரு விகிதம், கட்டடக் கடனை அடைக்க ஒரு விகிதம் என்று இரண்டு இருக்கும். கட்டடக் கடன் விகிதம் வேகமாக வளரும் மாவட்டங்களில் கூடுதலாக இருக்கும், புறநகர்ப் புதுக் குடியிருப்புகளில் குடிநீர், வடிகால் வசதிக்கான தனி வரியும் இதன் மேல் ஏறும். அதிக வரி வசூலாகும் மாவட்டத்தில் பள்ளிக்குப் பணம் கொழிக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 1993 முதல் நடப்பில் உள்ள மறுபங்கீட்டு முறைப்படி, பிளேனோ போன்ற சொத்து மதிப்பு மிகுந்த மாவட்டங்கள் வசூலில் பெருந்தொகையை மாநிலத்துக்குச் செலுத்திவிடுகின்றன. வட கரோலினாவில் பள்ளி மாவட்டங்களுக்குப் பொதுவாக வரி விதிக்கும் அதிகாரமே இல்லை, மாநிலமும் கவுன்டியும்தான் தருகின்றன. வீட்டு விலையில் ரேட்டிங்குக்காக நீங்கள் தரும் தொகையும் உண்மையானது. எல்லைக் கோட்டின் இருபுறமும் உள்ள ஒரே மாதிரியான வீடுகளை வைத்துச் சாண்ட்ரா பிளாக் என்ற பொருளியலாளர் பாஸ்டன் புறநகரில் செய்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடினால் பெற்றோர் ஏறத்தாழ 2.5 விழுக்காடு கூடுதல் விலை தரத் தயாராக இருந்தார்கள் என்று கண்டார். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து கொடுத்தால் தவறில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், வேலைகள் சமமாக இருக்கும் பட்சத்தில், மகளின் கணக்குப் பாடத்துக்கு முதலில் எழுத்தில் உறுதி தரும் பள்ளி எதுவோ அதன் எல்லைக்குள் ஓராண்டு வாடகைக்குப் போவேன். மகனுக்குக் கிண்டர்கார்டன் அடுத்த ஆண்டுதான் என்பதால், அவனுக்கான தொடக்கப்பள்ளியை அந்த ஓராண்டில் நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். வீடு வாங்குவதையும் அதுவரை தள்ளிப்போடலாம். முகவரிச் சான்றில் குறுக்கு வழி வேண்டவே வேண்டாம். நண்பர் வீட்டு முகவரியைக் காட்டிச் சேர்ப்பது பல மாநிலங்களில் குற்றம். 2011இல் ஒஹாயோவில் தன் தந்தையின் முகவரியைக் காட்டிப் பிள்ளைகளை வேறு மாவட்டத்தில் சேர்த்த தாய் ஒருவர் சிறைக்கே போனார். வாடகை ஒப்பந்தத்தில் பெற்றோரில் ஒருவர் பெயராவது இருக்க வேண்டும், அதே முகவரிக்கு மின்சாரமோ தண்ணீரோ இணைப்புப் பெற்ற ரசீதும் கேட்பார்கள்.

இப்போதைய பள்ளியை விட்டுக் கிளம்பும் முன், மதிப்பெண் பட்டியலோடு நிறுத்தாமல் இந்த ஆண்டின் கணக்குப் பாடத்திட்டம், கைவசமுள்ள கடைசி மாநிலத் தேர்வு முடிவு, கணக்கு ஆசிரியரின் ஒரு பக்கக் கடிதம் ஆகிய மூன்றையும் தடுப்பூசிப் பதிவோடு கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜூன் நடுவில் பள்ளி மூடிவிட்டால் ஆசிரியரைப் பிடிப்பது அரிது. புதிய பள்ளியின் கவுன்சலர்களும் ஜூலையில் பெரும்பாலும் விடுப்பில் இருப்பார்கள் என்பதால், அந்தக் கடிதம் மே மாத இறுதிக்குள் அவர்கள் மேசைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வகுப்பு ஒதுக்கும்போது பயன்படும்.